நாற்பது நிமிட ஓட்டமும் மூன்று சைடு ஒப்பந்தமும்

சங்கத்தின் ஆண்டு மலருக்கு வீரமாக ஒரு கட்டுரை வேண்டும் என்று பாத்திமா கேட்டபோது உள்ளதைச் சொல்லிவிட்டேன். என் வீரத்தை எழுதினால் அரைப் பக்கம் தேறாது, அதிலும் பாதி பொய்யாக இருக்கும். பயத்தை எழுதச் சொன்னால் தனி மலரே போடலாம் என்று. பாத்திமா நூலைக் கோனில் சுற்றும் கோன் வைண்டிங்கில் வேலை பார்க்கிறாள், இப்போது சங்கத்தின் துணைச் செயலாளர். மேலப்பாளையத்துப் பிள்ளை. சிரிப்பை அளந்துதான் செலவழிப்பாள். "சரி அண்ணாச்சி, பயத்தையே எழுதுங்க. ஆனா மூணு சைடு எப்படி வந்துச்சுன்னு அதுல இருக்கணும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அவள் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. நான் ஓய்வு பெற்ற கையோடு மில்லில் ஒவ்வொரு மிஷினுக்கும் ஒரு திரை மாட்டிவிட்டார்கள். யார் எத்தனை இழை ஒட்டினார்கள், எவ்வளவு நேரத்தில் ஒட்டினார்கள் என்று அதில் எண்கள் ஓடுகின்றன. பொங்கல் கழிந்ததும் புதிய சம்பளப் பேச்சு. அந்த எண்கள் மேஜைக்கு வரும். இளவட்டங்களோ, ஆளுக்கு மூன்று சைடு என்பது மில்லின் புகைபோக்கியைப் போலக் கட்டும்போதே கூடக் கட்டியது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. அது கிட்டத்தட்டப் போயேவிட்டது. போக்கடிக்கப் பார்த்த ஆள் நான்தான்.

சேரன்மாதேவிக்கு மேற்கே, ஆற்றங்கரையில் எங்கள் நூற்பாலை. பத்தொன்பது வயதில் உள்ளே போய் ஐம்பத்தெட்டில் வெளியே வந்தேன். பஞ்சு எந்தப் பக்கம் போகிறது, நூல் எந்தப் பக்கம் வருகிறது என்று தெரிந்துகொள்ள ஒரு மாதம். விரல் பழக இரண்டு மாதம். இரைச்சலில் உதட்டைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ள ஒரு வருடம். இவ்வளவுதான் என் படிப்பு.

வேலை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ரிங் ஃபிரேம் என்ற மிஷின் ஒரு ரயில் பெட்டி நீளம் இருக்கும். இரண்டு பக்கமும் வரிசையாகக் கதிர்கள். ஒரு பக்கத்துக்குப் பெயர் சைடு. மேலிருந்து பஞ்சுத் திரி இறங்கும், உருளைகள் அதை இழுத்து மெலிதாக்கும், கீழே கதிரில் நூலாக முறுக்கேறிச் சுற்றிக்கொள்ளும். எங்காவது ஒரு இழை அறுந்துகொண்டே இருக்கும். சைடு பார்ப்பவர் நடந்துகொண்டே இருந்து, அறுந்த இடத்தைக் கண்டு, சுற்றுகிற கதிரைக் கையால் நிறுத்தி, இழையை ஒட்டிவிட்டு நகர வேண்டும். இடையிடையே உருளைகளில் படியும் பஞ்சைத் துடைக்க வேண்டும். துடைக்காவிட்டால் அந்தப் பஞ்சே சேர்ந்து அடுத்த இழைகளை அறுக்கும். இந்தக் கடைசி விஷயத்தை மட்டும் மறந்துவிடாதீர்கள். நான் ஒருநாள் மறந்தேன்.

அதற்கு முன் என் பயத்தின் குணத்தைச் சொல்ல வேண்டும். பயம் வந்தால் சிலருக்குக் கால் நடுங்கும், சிலருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எனக்கு எல்லாம் வேகமாகிவிடும். என் கல்யாணத்தில் இருநூறு பேர் பார்க்கிறார்களே என்ற பதற்றத்தில், மூன்று முடிச்சையும் மில்லில் இழை ஒட்டுகிற மாதிரி ஒட்டிவிட்டு நிமிர்ந்தேன். அப்போதுதான் மேளக்காரர் குச்சியைக் கையில் எடுத்துக்கொண்டிருந்தார். கெட்டிமேளம் இல்லாமல் கட்டிய தாலி இது என்று என் மனைவி தங்கம் இன்றைக்கும் சண்டையில் எடுத்து வீசுவாள்.

இப்படிப்பட்ட ஆளைச் சங்கக் கமிட்டியில் ஏன் சேர்த்தார்கள் என்றால், நான் மற்றவர்களைப் போல நடித்துக் காட்டுவேன், கூட்டத்துக்கு ஆள் வரும். செயலாளர் ஞானமுத்து அண்ணாச்சி சிரிக்காத மனிதர், ஆனால் கூட்டத்தின் அருமை தெரிந்தவர். பஞ்சைச் சீவும் கார்டிங் பிரிவில் மிஷின் பழுது பார்க்கும் பிட்டர். சட்டைப் பையில் இரண்டு பேனா, ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்கிற மாதிரி, ஏற்றமும் இறக்கமும் இல்லாத குரல்.

அவர் எனக்குக் கொடுத்த முதல் வேலை, சம்பளக் கோரிக்கைக் கடிதத்தை மேனேஜரிடம் சேர்ப்பது. அசல் ஒன்று, நகல் ஒன்று. அசலைக் கொடுத்து, நகலில் ஆபீஸ் முத்திரை வாங்கி வர வேண்டும். ஏ.சி. அறைக்குள் போனேன். மேனேஜர் நிமிர்ந்து "என்னப்பா" என்றார். அவ்வளவுதான். இரண்டையும் அவர் கையில் கொடுத்து, "மெதுவா படிங்க சார்" என்று தைரியமும் சொல்லிவிட்டு, படியில் இறங்காமல் பக்கவாட்டில் குதித்து வந்துவிட்டேன்.

அண்ணாச்சி என் வெறும் கையைப் பார்த்தார். நகல் எங்கே என்றார். அதையும் கொடுத்துவிட்டேன், அவர்களுக்கு உதவுமே என்றேன். அவர் திட்டவில்லை. "கடிதம் குடுத்தது நமக்குத் தெரியும்லே. குடுத்தோம்னு நாளைக்கு அவங்க வாயாலயும் வரணும். போயி முத்திரை வாங்கிட்டு வா" என்றார். மறுபடியும் போனேன். மேனேஜருக்கே என்னைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும், முத்திரையைத் தன் கையாலேயே குத்திக் கொடுத்தார். அண்ணாச்சி அந்தத் தாளில் இரண்டு ஓட்டை போட்டுக் கோப்பில் கோத்தார். மற்ற ஊர்களில் கோஷத்தால் சங்கம் நடந்திருக்கலாம். எங்கள் சங்கம் அந்த ஓட்டை போடும் கருவியால் நடந்தது.

பேச்சுவார்த்தையில் அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. எதிராளி சொன்னதற்குப் பதில் சொல்லமாட்டார். முதலில், "நீங்க சொல்லுதது இதுதானே" என்று அதே வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லுவார். அவர்கள் தலையாட்டியதும் நீலப் பேனாவால் எழுதிக்கொள்வார். அதற்குப் பிறகுதான் பேசுவார். தன் வாக்கியத்தையே இன்னொருவர் வாயில் கேட்டால் பாதிப் பேருக்கு உதறல் எடுத்துவிடும். "நான் அப்படிச் சொல்ல வரல" என்று தாங்களாகவே இறங்கி வருவார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பதினோரு வருடத்துக்கு முன்னால் சம்பள ஒப்பந்தம் முடிந்து புதிது பேச வேண்டியிருந்தது. நிர்வாகம் கேட்டதும் உயர்வு தருகிறேன் என்றது. எங்களுக்கு ஆச்சரியம். பிறகு அடுத்த வரி வந்தது: இனி ஆளுக்கு நான்கு சைடு. சாப்பாட்டுக் கூடத்தில் சிலர் சம்பளம் ஏறுகிறதே என்று குதித்தார்கள். அண்ணாச்சி அந்த மேஜைக்கே போய், "கூலி ஏறுச்சான்னு மட்டும் கேக்காதீய. கால் எத்தன மைல் நடந்தா அந்தக் கூலின்னு கேளுங்க" என்றார். நான்கு சைடு என்றால் நாலில் ஒரு ஆள் வீட்டுக்குப் போக வேண்டும். மீதி மூன்று பேர் போனவனுடைய நடையையும் நடக்க வேண்டும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் அது உயர்வே இல்லை.

இழுபறியாகி, கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். கோயம்புத்தூரிலிருந்து வேலை அளக்கும் இன்ஜினியர் ஒருவர் வருவார். ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்து, ஒரு ஆளால் எத்தனை சைடு முடியும் என்று சொல்லுவார். அண்ணாச்சி சம்மதித்தார். நான்கு சைடு நடக்கிற காரியமில்லை, உள்ளதை உள்ளபடி பார்த்தால் போதும் என்று நம்பினார். பாவம், உள்ளதை உள்ளபடி காட்டும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தார்.

அவர் சொன்னது மூன்றே விஷயம். வேண்டுமென்று மெதுவாகச் செய்யாதீர்கள், அது பொய், தெரிந்துவிடும். ஓடவும் ஓடாதீர்கள். துடைக்கிற நேரத்தில் துடையுங்கள். இதை மூன்று ஷிப்டுக்கும் போய் நான் சொல்ல வேண்டும். வெறுமனே சொன்னால் யார் கேட்பார்கள்? ஸ்டாப்வாட்ச்காரரைக் கண்டதும் பயந்து ஓடுகிற ஒரு தொழிலாளியை நடித்துக் காட்டினேன். வேட்டியை மடித்துக் கட்டி, கண்ணைப் பிதுக்கி, இல்லாத இழைகளை ஒட்டிக்கொண்டு பறந்தேன். வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அது நடிப்பு அல்ல, ஒத்திகை என்று அப்போது யாருக்கும் தெரியாது.

ஆனி மாதம். மேற்கே மலையில் சாரல் பிடித்து, காற்றில் ஈரம் எங்கள் மில் வரைக்கும் இறங்கியிருந்தது. இன்ஜினியர் வந்தார். நல்ல மனிதர், கையில் கிளிப் போட்ட அட்டை, கழுத்தில் ஸ்டாப்வாட்ச். இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தார். ஒன்று இசக்கியம்மாள். இன்னொன்று நான்.

இசக்கியக்காவும் நானும் பதினைந்து வருடமாகப் பக்கத்துப் பக்கத்து மிஷின். பதினாலாம் மிஷின் முழுதும் எனக்கு, பதினாறாம் மிஷின் முழுதும் அவளுக்கு, நடுவில் இருந்த பதினைந்தாம் மிஷினில் ஆளுக்கு ஒரு சைடு. அப்போது அவளுக்கு ஐம்பத்து நான்கு வயது. இடது முழங்கால் வீங்கியிருக்கும். ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நடப்பாள். மகள் நாகர்கோவிலில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். அக்காவுக்கு இன்னும் நான்கு வருட சர்வீஸ் இருந்தது. அந்த நான்கு வருடத்தை வைத்துத்தான் அந்த வீடு கணக்குப் போட்டிருந்தது.

முதலில் அவளிடம் நின்றார். அவள் எப்போதும்போலப் பைய, அவசரமில்லாமல் நடந்தாள், ஒட்டினாள், துடைத்தாள், நடுவில் தண்ணீர்கூடக் குடித்தாள். பிறகு என்னிடம் வந்தார். ஸ்டாப்வாட்சை அமுக்கினார். க்ளிக்.

அந்தச் சத்தம் மில் இரைச்சலில் கேட்டிருக்கவே முடியாது. எனக்குக் கேட்டது. அதற்குப் பிறகு என் காலுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. இழை அறுவதற்கு முன்பே போய் நின்றேன். இடது கை ஒரு கதிரில் இருக்கும்போது வலது கை அடுத்ததைத் தேடியது. இன்ஜினியர் எனக்குப் பின்னால் நடக்க முடியாமல் ஒரு ஓரமாக நின்று எழுதினார். அவர் மேல் எனக்கு இரக்கம் வந்து, சிரமப்படுத்துகிறோமே என்று இன்னும் வேகமாக ஓடினேன். நாற்பது நிமிடம். துடைக்கும் துணி என் இடுப்பில் சொருகியபடியே இருந்தது. முடிந்ததும் அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "ரொம்ப நல்லா செய்றீங்க" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

பத்து நாள் கழித்துத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் சமரச அதிகாரி முன்னால் உட்கார்ந்தோம். கண்ணாடி போட்ட அம்மா ஒருவர். நிர்வாகத்தின் பக்கம் பெர்சனல் மேனேஜர், இளைஞர், மரியாதையானவர். அறிக்கையை அவர்தான் வாசித்தார். முதலாம் தொழிலாளி நான்கு சைடையும் பார்த்து மிச்ச நேரமும் வைத்திருக்கக் கூடியவர். இரண்டாம் தொழிலாளிக்கு உடல்நிலை காரணமாக வேகம் குறைவு. எனவே முடிந்தவர்களுக்கு நான்கு சைடு. முடியாதவர்களைக் குறைந்த சம்பளத்தில் கூட்டிப் பெருக்கும் வேலைக்கு மாற்றலாம், அல்லது அவர்கள் விருப்ப ஓய்வில் போகலாம்.

பெயர் எழுதவில்லை. எழுத வேண்டிய தேவையும் இல்லை.

அண்ணாச்சி என் பக்கம் திரும்பவே இல்லை. நகல் ஒன்று கேட்டு வாங்கினார், ஒரு வாரம் அவகாசம் கேட்டார். திரும்பி வரும் பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து அறிக்கையைப் படித்துக்கொண்டு வந்தார். நான் பேசாமல் வந்தேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய செய்தி என்று புரியும்.

மறுநாள் வயிற்று வலி என்று லீவு சொன்னேன். அதற்கு மறுநாள் காய்ச்சல். மூன்றாம் நாள் வியாதிகள் தீர்ந்துவிட்டன; யார் வந்து கேட்டாலும் தூத்துக்குடியில் மச்சான் வீட்டுக்குப் போயிருக்கிறேன் என்று சொல்லும்படி தங்கத்திடம் சொல்லிவிட்டு அடுப்படியில் உட்கார்ந்துகொண்டேன். சாயங்காலம் இசக்கியக்கா வந்தாள். தங்கம் தூத்துக்குடி என்று சொல்லி முடிக்கவும், தாளித்த மிளகாய் நெடியில் நான் தும்மவும் சரியாக இருந்தது.

அக்கா உள்ளே வந்து என்னைப் பார்த்தாள். "ஏலே மாடசாமி, ஒனக்கு ஓடத்தான் தெரியும்னு நெனச்சேன். ஒளியவும் தெரியுதே."

முக்காலியை இழுத்துப் போட்டுக் காலை நீட்டி உட்கார்ந்தாள். மன்னித்துவிடு என்று ஆரம்பித்தேன். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய என்று கேட்டாள். பிறகு, "அன்னைக்கு மத்தியானம் ஒன் மிஷின் நின்னுச்சுல்லா, அதப் போயி அண்ணாச்சிட்ட சொல்லு" என்றாள்.

அதைத்தான் நான் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். நாற்பது நிமிடம் துடைக்காமல் ஓடினேன் அல்லவா? மத்தியானத்துக்குள் உருளைகளில் பஞ்சு அடைந்து, இழைகள் வரிசையாக அறுந்து, அறுந்த பஞ்சு உருளைகளில் சுற்றிக்கொண்டு, பதினாலாம் மிஷின் பார்க்கத் தலைவிரித்து நின்றது. நிறுத்திவிட்டேன். கொக்கியால் ஒவ்வொன்றாக வெட்டி எடுக்க வேண்டும். காலையில் ஓடிய ஓட்டத்தில் கொக்கி கையில் நிற்கவில்லை. இசக்கியக்காதான் தன் சைடுகளையும் பார்த்துக்கொண்டு, இடையில் வந்து வந்து வெட்டிக் கொடுத்தாள். மேஸ்திரி ஏன் நின்றது என்று கேட்டபோது, மிஷினில் ஏதோ சத்தம் வந்தது என்று புளுகினேன். எங்கள் பிரிவுப் பிட்டரை அனுப்பினார்கள். அவர் கடமை தவறாத மனிதர். இல்லாத சத்தத்தை அரை மணி நேரம் தேடி, ஒரு போல்ட்டை முடுக்கிவிட்டு, சத்தம் நின்றுவிட்டது என்றார். பதிவேட்டிலும் அப்படியே எழுதினார்கள்.

பொய் சொன்னது தெரிந்தால் மெமோ வரும், சஸ்பென்ஷனே வரலாம் என்று அக்காவிடம் முனகினேன். அவள் எழுந்து, சேலையை உதறி, சத்தம் உயர்த்தாமல் கேட்டாள்: "அப்ப நான் வாரியல் எடுத்துக் கூட்டப் போகவா?"

அதற்கு மேல் உட்கார முடியுமா? சட்டையை மாட்டிக்கொண்டு, அவளுக்கு முன்னாலேயே தெருவில் இறங்கிவிட்டேன்.

அண்ணாச்சி கேட்டுக்கொண்டார். நான் அழுகிற கட்டத்தில் இருந்தேன். அவர் எத்தனை மணிக்கு நிறுத்தினாய் என்றார். எத்தனை மணிக்கு ஓட்டினாய்? எந்த மேஸ்திரி? ஒவ்வொரு மிஷினின் முனையிலும் மீட்டர் ஒன்று இருக்கும். மிஷின் ஓடினால் அது ஓடும், நின்றால் நிற்கும். ஷிப்டு முடிவில் அதை எழுதினார்களா? எழுதினார்கள். இசக்கியின் பதினாறாம் மிஷின் அன்றைக்கு நின்றதா? ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. சிவப்புப் பேனாவை எடுத்து எழுதினார். பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார்.

"பயந்துதான் ஓடுனேன்னு அதிகாரி முன்னால சொல்லணும். பொய் சொன்னதையும் சொல்லணும். ஒனக்கு ஒண்ணும் வராதுன்னு என்னால உறுதி சொல்ல முடியாது. சங்கம் கூட நிக்கும், அவ்வளவுதான். சொல்லுவியா?"

சொல்லுவேன் என்றேன். வேகமாகத்தான் சொன்னேன், ஆனால் அது பயத்தில் சொன்னது இல்லை.

இரண்டாம் அமர்வில் எழுந்து நின்றேன். அதிகாரி அம்மா உட்கார்ந்தே பேசலாம் என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் நின்றபடியே ஆரம்பித்துவிட்டேன். இன்ஜினியர் சாரைப் பார்த்துப் பயந்துவிட்டேன், அது என் தினசரி வேலை இல்லை, இருபத்தெட்டு வருடத்தில் ஒருநாளும் நான் அப்படி ஓடியதில்லை என்றேன். அதிகாரி அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

பெர்சனல் மேனேஜர் கெட்டிக்காரர். மெதுவாகக் குறுக்கிட்டு, பயத்தில் உங்களால் ஓட முடிந்தது என்றால், உங்களால் முடியும் என்றுதானே அர்த்தம் என்றார். அண்ணாச்சி வழக்கம்போல, "நீங்க சொல்லுதது இதுதானே" என்று அந்த வாக்கியத்தை எடுத்தார். அவர் எழுதி முடிப்பதற்குள் என் நாக்கு முந்திக்கொண்டது.

"முடியும் சார். நாய் வெரட்டுனா நான் மதில்லயும் ஏறுவேன். அதுக்காக நாளையிலருந்து வேலைக்கு மதில் ஏறி வரச் சொல்லுவீயளா?"

அதிகாரி அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை, சிரிப்பை மறைக்கத்தான் என்று எனக்குத் தெரியும். நாற்பது வருடமாகச் சிரிப்பு என் தொழில். அந்தத் தெம்பில் மத்தியானக் கதையையும் சொன்னேன், பொய்ச் சத்தம், பிட்டர், போல்ட்டு எல்லாவற்றையும். அண்ணாச்சி அதற்குப் பிறகு ஒரே ஒரு கோரிக்கை வைத்தார். அன்றைய ஷிப்டில் பதினாலு, பதினாறு இரண்டு மிஷின்களின் மீட்டர் பதிவையும் நிர்வாகம் கொண்டுவர வேண்டும்.

வந்தது. நாற்பது நிமிடத்தில் நான் ராஜா. எட்டு மணி நேரத்தில் இசக்கியக்காவின் மிஷின் என்னுடையதைவிடக் கணிசமாக அதிகம் ஓடியிருந்தது. வேகம் குறைவான இரண்டாம் தொழிலாளி! பெர்சனல் மேனேஜர் அந்தத் தாளை இரண்டு தடவை படித்தார். மனிதர் அதைத் தட்டிக் கழிக்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். மறுபடி அளக்கலாம் என்று அவரே ஒப்புக்கொண்டார்.

இந்தத் தடவை நிபந்தனைகள் இருந்தன. அதே இரண்டு பேர், ஆனால் சங்கு ஊதியதிலிருந்து சங்கு ஊதும் வரை முழு ஷிப்டு. பக்கத்தில் சங்கத்தின் ஆள் ஒருவர். மூன்றாவதைச் சொன்னது இசக்கியக்கா. சாரல் காலத்தில் பஞ்சு சொன்னபடி கேட்கும், வெயிலில் அளக்கச் சொல்லுங்கள் என்று அண்ணாச்சியிடம் ஒரே வரியில் சொல்லியிருந்தாள். நூலோடு கிடப்பவர்களுக்கு அது தெரியும்: காற்று காய்ந்தால் இழை சும்மாவே அறும். புரட்டாசி வெயிலில் அளப்பது என்று முடிவானது.

அந்த நாளுக்கு முந்தின இரவு நான் தூங்கினேன் என்று எழுதினால் தங்கம் இந்த மலரைக் கிழித்துவிடுவாள். காலையில் இன்ஜினியர் ஸ்டாப்வாட்சைத் தூக்கியதும் கால் மறுபடி துடித்தது. அப்போது பதினைந்தாம் மிஷினுக்கு அந்தப் பக்கம், கதிர்களுக்கு மேலே, அக்காவின் தலை தெரிந்தது. இடப்பக்கம் சாய்ந்து, நிமிர்ந்து, சாய்ந்து, நிமிர்ந்து போய்க்கொண்டிருந்தது. பதினைந்து வருடமாக அந்தத் தலையைப் பார்த்துக்கொண்டுதான் நான் நடந்திருக்கிறேன். என் நடைக்கே அதுதான் கடிகாரம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவள் துடைத்தபோது எனக்கும் துணி ஞாபகம் வந்தது.

இன்ஜினியர் எட்டு மணி நேரமும் நின்றார். உச்சி வெயிலில் இழைகள் சரசரவென்று அறுந்தன. அவர் தலையில் பஞ்சு படிந்து நரைத்த மாதிரி ஆனது. டீயில் விழுந்த பஞ்சைச் சின்ன விரலால் எடுத்துப் போட்டுவிட்டுக் குடித்தார். சாயங்காலம் சங்கு ஊதியதும் அட்டையைத் தாழ்த்திவிட்டு, எங்கள் இருவரிடமும் வந்து, "போன தடவை நான் வேலையை அளக்கலைங்க. ஆளைத்தான் அளந்திருக்கேன்" என்றார். எனக்குப் பொன்னாடை போர்த்திய சந்தோஷம்.

அவருடைய இரண்டாம் அறிக்கை மூன்று சைடு என்றது. நடை, ஒட்டுதல், துடைத்தல், தண்ணீர் குடிக்க, பாத்ரூம் போக என்று எல்லாவற்றுக்கும் நேரம் கொடுத்தது. அதன்மேல் ஒப்பந்தம் போட்டோம். சம்பள உயர்வு நாங்கள் கேட்ட அளவுக்கு இல்லை. கடைசிச் சுற்றில் அண்ணாச்சி கொஞ்சம் விட்டுக்கொடுத்தார். ஆனால் வந்தது முழுசாக வந்தது, கூட ஒரு அடி நடக்காமல் வந்தது. யாரும் வாரியலுக்குப் போகவில்லை. காற்றில் ஈரம் போடும் இயந்திரம் பழுதானால் சைடு குறைக்க வேண்டும் என்று ஒரு விதியும் சேர்ந்தது. எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, பொய்ச் சத்தத்துக்காக. அதிலும் அண்ணாச்சி இரண்டு ஓட்டை போட்டுக் கோத்துவிட்டார்.

பாத்திமாவுக்கும் அவள் கூட்டாளிகளுக்கும் நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். திரையில் எண் வந்தால் பயப்பட வேண்டாம். பயந்தாலும் பரவாயில்லை, நான் பயந்ததைவிட அதிகமாக உங்களால் பயப்பட முடியாது. அது யாருடைய எண், எந்த மாதத்து எண், எத்தனை மணி நேரத்து எண் என்று கேளுங்கள். தனியாகக் கேட்டால் நாக்கு வேகமாகிவிடும். நாலு பேராகப் போய்க் கேளுங்கள்.

ஒப்பந்தம் கையெழுத்தான மறுநாள் ஷிப்டு மாறும் நேரத்தில் வாயிற்கூட்டம் போட்டோம். அண்ணாச்சி ஒப்பந்தத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை அதே குரலில் வாசித்தார். யாரும் நகரவில்லை. கடைசியில் இணைப்பு ஒன்று இருந்தது: ஒரு சைடு நடக்க இத்தனை விநாடி, ஒரு இழை ஒட்ட இத்தனை விநாடி, ஒரு தடவை துடைக்க இத்தனை நிமிடம். மில்லில் இனி எல்லாருக்கும் இந்த அளவுதான், இதை வைத்துத்தான் கூலி என்று வாசித்தார். என் பக்கத்தில் இசக்கியக்கா காலை மாற்றி மாற்றி வைத்து நின்றுகொண்டிருந்தாள். அந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று என் காதில் கேட்டாள். உன் நடைதான் அக்கா, உன் தாளிலிருந்துதான் அப்படியே எடுத்திருக்கிறார்கள் என்றேன். எல்லாருக்குமா என்றாள். எல்லாருக்கும், நாளைக்கு வேலைக்குச் சேருகிறவர்களுக்கும் என்றேன்.

அண்ணாச்சி வாசிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் முழங்கையில் இடித்தாள்.

"முன்னயே சொல்லியிருக்கக் கூடாதாலே. இன்னும் கொஞ்சம் பைய நடந்திருப்பேனே."